ஆளைப் பார்த்து ஃபில்டர்

மீன்தொட்டிக்கு ஃபில்டர் வேண்டும் என்று யார் போய் நின்றாலும் அக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"வீட்டுல காலத்த மொதல்ல எந்திக்கது ஆரு?"

தொட்டி எத்தனை அடி, என்ன மீன், எத்தனை மீன் என்று பாடம் ஒப்பிக்க வந்தவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பார். பெண்டாட்டி கூரையைப் பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே அக்காவுக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில், பஞ்சர் கடையை ஒட்டிய ஒற்றை ஷட்டர் அறைதான் அவள் கடை. பெயர்ப்பலகை இல்லை. அவளுக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் மட்டும் இங்கே எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கல்யாண மண்டபத்து முதலாளி ஒருவர் வந்தார். வரவேற்பு அறையில் பத்தடித் தொட்டி கட்டியாகிவிட்டது, இருப்பதிலேயே பெரிய ஃபில்டர் வேண்டும் என்றார்.

"அங்க மொதல்ல எந்திக்கது ஆரு?"

"அது மண்டபமாக்கும். அங்க ஆரு உறங்குவா?"

"கல்யாணம் இல்லாத நாளு?"

"பூட்டிக் கெடக்கும்."

"அப்போ பிளாஸ்டிக் மீனு வாங்கிப் போடும். அதுக்கு நல்ல ஆயுசு உண்டு."

அவர் கோபித்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மண்டபத்தின் பின்கட்டில் வாட்ச்மேனைக் குடும்பத்தோடு குடிவைத்திருந்தார். அப்போதும் அக்கா அவரிடம் பேசவில்லை. வாட்ச்மேனின் மனைவியை வரச்சொல்லி, அந்தப் பெண்ணின் கை எட்டுகிற உயரம் எது என்று சுவரில் தொட்டுக் காட்டச் சொன்னாள். அதற்குத் தகுந்த ஃபில்டரைக் கொடுத்தாள். முதலாளி கதவோரம் நின்று, யாருடைய தொட்டி இது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை போடுவதற்கு முன்னால் இருபது வருடம் அவள் பொழியூரிலிருந்து அலுமினியச் சருவத்தில் மீன் கொண்டுவந்து, இந்தப் பக்கத்து வீடுகளில் தலைச்சுமையாக விற்றவள். மீன்காரிக்கு எந்த வீட்டிலும் முன்வாசல் கிடையாது. அடுக்களைப் புறம்தான். அதனால் அந்த வட்டாரம் முழுவதையும் அவளுக்குப் பின்பக்கமாகத்தான் தெரியும். எந்த வீட்டில் சட்டியை ஒரு தரம் கழுவுவார்கள், எந்த வீட்டில் மூன்று தரம், எந்த வீட்டில் அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகும், எங்கே படியிலேயே தேங்கி நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "முன்பக்கம் எல்லா வீடும் ஒண்ணுதான் மக்கா. டைல்ஸ் போட்டிருக்கும்" என்பாள்.

அவள் வீட்டைக் கடல் எடுத்தது. அதையும் அவள் இதே மாதிரிதான் சொன்னாள். "மொதல்ல முன்பக்கம் போச்சு. அடுக்களைச் சொவரு மட்டும் ரெண்டு நாளு நின்னுது." பிறகு கடற்கரையை விட்டு உள்ளே வந்து வாடகைக்கு இருந்தாள். முட்டி தேய்ந்து, சருவம் எடுக்க முடியாமல் ஆனபோது உயிர்மீன் விற்க ஆரம்பித்தாள். இரண்டு வியாபாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தடவை கேட்டேன். "செத்த மீனுக்கு ஐஸு போதும். உயிருள்ளதுக்கு ஆளு வேணும்" என்றாள்.

அந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் அவள் கடைக்குப் போனேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. ஏழாம் வகுப்புவரை படிப்பு. ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டதும் வெட்டு நின்றது. ஒரு மாதம் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் படுத்துக் கிடந்தேன். ஒரு நேரம் சாப்பாடு, இரண்டு நேரம் கட்டன்சாயா. உடம்பு முழுக்கப் புகை மணம் ஏறி, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது மட்டும் வசதி. அந்த நிலையில்தான் பெருங்கடவிளையில் வளைகுடாக்காரர் ஒருவரின் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. தனி அறை, கட்டில், சுழல்கிற ஃபேன். கூடவே ஒரு மீன்தொட்டி.

சாதாரணத் தொட்டி இல்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். புதிதாகக் கட்டிய வீட்டில், சாப்பாட்டு அறைக்கும் அடுக்களைக்கும் நடுச்சுவரில் பதித்தது. உள்ளே விடப்போவது நாலு ஆஸ்கார், ஒரு பெரிய கவுராமி. கவுராமியை வீட்டுக்காரர் முதன்முதலாக வெளிநாடு போன வருடம் விரல் நீளத்தில் வாங்கினாராம். இப்போது அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, பழைய சின்னத் தொட்டியில் நெருக்கிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வீடியோ காலில் வருவார். நான் போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மீன் வந்து போனை முட்டும். "சுகமாணோடா?" என்று மலையாளத்தில் அதனிடம் கேட்பார். என்னிடம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் இருவரில் யாருக்கு அந்த வீட்டில் மதிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மீனுக்கு ஏதாவது ஆனால் எனக்கு மறுபடியும் புகைப்புரைதான்.

பெரிய தொட்டிக்கு என்ன ஃபில்டர் என்று தீர்மானிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. சென்னையில் அலங்கார மீன் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன் என்று நான் சொல்லிவைத்திருந்ததால் வந்த வினை. பண்ணையில் இருந்தது உண்மை. மீன் நிறைந்த பாலிதீன் கவர்களை லாரியில் ஏற்றினேன். மீன்களை அருகில் பார்த்திருக்கிறேன் என்கிற அளவில் பொய் இல்லை.

அக்கா கடையில் போய் நின்று, அவள் வாய் திறப்பதற்குள் கணக்கை எடுத்து விட்டேன். "ஆறு, ரெண்டு, ரெண்டு பெருக்கினா இருபத்திநாலு கன அடி. கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். மொத்தம் அறுநூத்தி எழுபத்திரண்டு. மணிக்கு நாலு சுத்து சுத்தணும்னா ரெண்டாயிரத்து அறுநூத்தி எண்பத்தெட்டு லிட்டர் தள்ளுற ஃபில்டர் வேணும்."

ஏழாம் வகுப்பில் நான் கற்றதில் மிச்சம் இருந்தது பெருக்கல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பல ஊர்களில் பிழைத்திருக்கிறேன்.

அக்கா கேட்டாள். "எத்தன லிட்டருன்னு மீனு கேட்டுதா?"

நான் அடுத்த பெருக்கலுக்கு வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"வீட்டுல மொதல்ல எந்திக்கது ஆரு?"

"நான்தான். அஞ்சு மணிக்கு."

"நாளைக்கு வாறேன்" என்றாள்.

வந்தாள். முன்வாசலைத் திறந்துவைத்து நான் காத்திருக்க, அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுக்களைப் புறமாக வந்தாள். தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தைப் பார்த்தாள். வீட்டு வேலைக்கு வருகிற சரோஜத்திடம் கொஞ்ச நேரம் பேசினாள். நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்பது அங்கே வெளியாகியிருக்க வேண்டும். சரோஜம் ஏழு மணிக்கு வந்து ஜன்னலைத் தட்டித்தான் என்னை எழுப்புவாள். பிறகு அக்கா என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் என் பை தொங்கியது.

"அதுல என்னது?"

"துணி."

"நீ வந்து எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா துணி பையிலயா கெடக்கு?"

அதோடு ஃபில்டர் முடிவாகிவிட்டது. "சம்ப்பு வையி" என்றாள். "தொட்டிக்கு அடியில இன்னொரு தொட்டி. மேல உள்ள வெள்ளம் எறங்கி வந்து பஞ்சு, ஓட்டுச்சல்லி எல்லாத்துலயும் பூந்து போவும். கடைசியில மோட்டரு திரும்ப மேல தள்ளும். எல்லாம் தொறந்து கெடக்கும். போறவ வாறவ கண்ணுல படும். மூடின டப்பா ஒனக்கு ஆவாது. மூடிக் கெடந்தா நீ தொறக்க மாட்ட."

எனக்குச் சுருக்கென்றது. தொட்டிக்கு ஆலோசனை கேட்டால் என் குணத்தைச் சொல்கிறாளே. அதோடு வீட்டுக்காரர் ஏற்கெனவே போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கேனிஸ்டர் ஃபில்டர். கறுப்பு வாளி போல ஒரு பெட்டி, மேலே பூட்டு மாதிரி நாலு கொக்கி, இரண்டு குழாய். பார்த்தாலே படித்தவர்களுடைய பொருள் என்று தெரியும். அதைத்தான் வரவழைத்தேன். விவரம் தெரிந்து அக்கா கோபப்படவில்லை.

"வாங்கினது வாங்கியாச்சு. மாசத்துல ஒரு தரம் தொறக்கணும், கேட்டியா? தொட்டி வெள்ளத்துலதான் அலசணும்."

பிறகு தன் கடைத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய பஞ்சு ஒன்றை எடுத்து, தேக்கிலையில் பொதிந்து தந்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. புது ஃபில்டருக்குள் இதை வைக்க வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, இதில் இருக்கிற உயிர்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் என்றாள். அவளிடம் தொட்டி வாங்கிய எல்லா வீட்டுக்கும் இந்தக் கறுப்புப் பஞ்சு போயிருக்கிறது. ஒரு வீட்டில் உறை செத்துப்போனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

நான் வழியிலேயே முகர்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் தென்னந்தடத்தில் எறிந்துவிட்டேன்.

மூன்று வாரம் தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. போன் காமிரா சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு அதுவாகவே தெளிந்தது. என் திறமையால் தெளிந்தது என்று அதையும் சொன்னேன்.

ஏழு மாதம் போயிற்று. கேனிஸ்டரை ஒரு தடவைகூட நான் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து நாலு கொக்கியையும் பார்ப்பேன். திறந்தால் திரும்ப மூட வருமோ என்று பயம். எழுந்து போய்விடுவேன். குழாயில் தண்ணீர் வரவர நூலாக இளைத்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை ஊருக்கே வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் கொக்கிகளைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் கறுப்புச் சேறு. இதையா இத்தனை நாள் மீன் குடித்தது என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. முந்தின நாள்தான் சுகாதாரத்துறை ஆட்கள் மழைக்காலக் காய்ச்சலுக்காகத் தெருவில் எல்லாக் கிணற்றிலும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு போட்டுக்கொள்ள ஒரு பொட்டலமும் கொடுத்திருந்தார்கள். அதைப் பெரிய வாளியில் கரைத்து, பஞ்சு, வளையம், கல் எல்லாவற்றையும் ஊறவைத்துத் தேய்த்தேன். என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு மனசோடு செய்ததில்லை. பஞ்சு வேட்டி மாதிரி வெளுத்தது. கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டேன்.

சரோஜம் கொடியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

"இதுக்குமா கேக்கணும்?"

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். தொட்டி படிகம் மாதிரி இருந்தது. அவர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு ஒன்றரை நாள் நிலைத்தது. சனிக்கிழமை மீன்கள் தீனி எடுக்கவில்லை. "ஆளு வந்த சந்தோசத்துல பசி தெரியல்ல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஆஸ்கார் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. கவுராமி மேலே மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் கவ்வியது. செவுள் ஓரம் சிவந்திருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அது முட்ட வரவில்லை. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். மனசுக்குள் நான் ஆணியிலிருந்து பையை எடுத்தாகிவிட்டது.

சரோஜம் எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருந்தாள். ஆட்டோ வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டு வந்த நல்ல சேலையோடு அக்கா இறங்கினாள். பழைய சருவம், மேலே ஈரச் சாக்கு. வாசல்வரை ஆட்டோவில் மடியில் வைத்து வந்தவள், கேட்டிலிருந்து அடுக்களைப் புறத்துக்கு அதைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் நடந்தாள். கேனிஸ்டரைத் திறந்து வெள்ளைப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கல்யாணத்துக்கு உடுக்கதுக்கா வெளுத்து வச்ச? உள்ள இருந்த உயிரெல்லாம் போச்சே" என்றாள் என்னிடம். பிறகு சரோஜத்தைப் பார்த்து, "பாதி வெள்ளம் மாத்தணும். கெணத்து வெள்ளம் கொண்டு வா பிள்ளே."

வாளித் தண்ணீரை முகர்ந்தவள் அப்படியே முற்றத்தில் கவிழ்த்தாள். "பவுடரு. பக்கத்து வீடு?"

"எல்லா வீட்டுலயும் போட்டாவ அக்கா."

அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "டிரைவருக்க வீட்டுல போட்டாவளா?"

மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். தபால்காரரைக்கூடக் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்.

சரோஜத்தின் முகம் மாறியது. "அவரு கேட்டத் தொறந்தாத்தானே போட முடியும்!"

"நமக்கும் தொறக்க மாட்டாரே" என்றேன்.

"கேட்டு எதுக்குலே? அவருக்க பொண்டாட்டி எனக்கப் பழைய பத்துவரவாக்கும், இருவது வருசம் எங்கிட்டதான் மீனு வாங்கினா. நெத்தோலின்னா உயிர விடுவா." அவள் மதில் ஓரமாகச் சுற்றி அந்த வீட்டு அடுக்களைப் புறத்துக்குப் போனாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்பக்கத்துச் சின்னப் படல் திறந்தது. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி வாளி சுமந்தோம். வளைகுடாவில் ஏசி அறையில் இருக்கிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க, முன்வாசலில் உட்கார்ந்திருந்த டிரைவர் கண்ணில் படாமல் குனிந்து குனிந்து ஓடி வந்தார். அதுவரை அவரைப் பார்த்தால் எனக்குப் பயம். அன்றைக்கு விட்டது.

பாதித் தண்ணீர் மாறியதும் அக்கா சாக்கை விலக்கினாள். சருவத்தில் அவள் கடைப் பஞ்சுகள், கறுப்பாக, நாறிக்கொண்டு. ஒன்றை எடுத்துத் தொட்டிக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள். படிகத் தண்ணீரில் சாக்கடை இறங்கியது.

"அய்யோ, என்ன செய்யிய!" என்று வீட்டுக்காரர் கத்திவிட்டார்.

"சாரே, நீங்க வந்தது கண்ணாடி பாக்கவா, மீனு பாக்கவா?"

மற்றப் பஞ்சுகளை அவள் கேனிஸ்டருக்குள் அடுக்கி ஓடவிட்டாள். சாயங்காலம்வரை தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து கிடந்த இரண்டு ஆஸ்காரும் பிழைக்கவில்லை. கவுராமி நாலு மணிக்கு மேலே வருவதை நிறுத்தி, நடுத் தண்ணீரில் நின்று செவுளை ஒழுங்காக அசைத்தது. வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்தவர்போல, "ப்ளீச்சிங் பவுடர் போட்டது ஆரு?" என்றார்.

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"சாரே, இவனுக்கு ஆவாத டப்பாவ வாங்கச் சொன்னது ஆரு?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. என் வேலை தப்பியது.

அடுத்த வாரம் சம்ப்பு வந்தது. தொட்டிக்கு அடியில், மூடி இல்லாமல், அடுக்களையைப் பார்த்து. உள்ளே உடைந்த ஓடு, பஞ்சு, பாத்திரம் தேய்க்கிற நார். சரோஜம் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று குழாயை இரண்டு தடவை மாற்றி வைத்தாள் அக்கா. "சத்தம் மாறினா இவ திரும்பிப் பாப்பா. அது போதும்."

"நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"நீ தீனி போடு. கொஞ்சமாப் போடு."

நாற்பது நாளில் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். சண்டை இல்லை, குறை இல்லை. அறை இருந்தது, ஃபேன் இருந்தது. ஒரு காலையில் சாயா குடிக்கப் போனபோது நாகர்கோவில் பஸ் காலியாக வந்தது. திரும்பிப் போய்ப் பையை எடுத்தேன். துணி எல்லாம் அதில்தான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து அந்த வழியாக வந்தேன். நடுவில் திருப்பூர், சேலம், ஒரு செங்கல் சூளை, ஒரு மஞ்சள் காமாலை. பெருங்கடவிளை வீட்டுக்குள் வழக்கத்துக்கு மாறாக அடுக்களைப் புறமாகத்தான் போனேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சரோஜம் சாயா போட்டுத் தந்தாள். கவுராமி முழம் தாண்டியிருந்தது. என் பை தொங்கிய ஆணியில் இப்போது தண்ணீர் மாற்றுகிற குழாய் சுருட்டித் தொங்கியது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் இல்லாதது எங்கேயும் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, பஞ்சர் கடைவரைக்கும் வருத்தப்பட்டுக்கொண்டு நடந்தேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோளில் கிடந்த பையைப் பார்த்தாள்.

"நான் போயிருவேன்னு அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சுதானே சம்ப்பு வச்சேன்." பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "நீ திரும்பி வருவன்னுதான் நெனைக்கேல்ல."

எழுந்து போய் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வந்தாள். வாய் அகன்ற ஊறுகாய்ப் பாட்டில். உள்ளே சிவப்பாக ஒற்றை ஃபைட்டர் மீன், வாலை விரித்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு என்ன ஃபில்டர்?" என்று கேட்டேன்.

"காலத்த எந்திச்சு, நேத்தே பிடிச்சு வச்ச வெள்ளம் விட்டுப் பாதி மாத்தணும். ஒரு நாளு விட்டா நாறும், ரெண்டு நாளு விட்டா செத்துரும். ஃபில்டரு நீதான்."

"பஸ்ஸுல கொண்டுபோலாமா?"

"மடியில வச்சிட்டுப் போ. ஆணியில தொங்கப் போட்டிராத."

அந்தப் பாட்டிலோடு நான் நாலு ஊர் மாறினேன். ஒரு லாட்ஜில் மீனுக்குத் தனி வாடகை கேட்டார்கள். ஒரு கட்டிட வேலையில் மேஸ்திரி என்னை "மீன் சார்" என்றே கூப்பிட்டார். ஒன்றேகால் வருடம் அது உயிரோடு இருந்தது. பிறகு மதுரையில் வேறொன்று வாங்கினேன். அது இப்போது என் வாடகை வீட்டு ஜன்னலில் இருக்கிறது.

இந்த வீட்டில் காலையில் முதலில் எழுவது யார் என்று அக்கா வந்து கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை. நான்தான். வேறு யாரும் இல்லை என்பதை அவள் பின்பக்கமாக வந்து தெரிந்துகொள்ளட்டும்.